சர்க்கரையா, சாப்பாடா?

கேள்வி: யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான சபாத்தின் விருந்தில், சர்க்கரை கூடிய ரொட்டிக்கு வழக்கமான ஆசி சொல்லக் கூடாதாமே! மாவில் எத்தனை கரண்டி சர்க்கரை என்றா கடவுள் கணக்குப் பார்க்கிறார்?

பதில்: கரண்டிக் கணக்கை விடுங்கள். யூத மதச் சட்டம் கேட்பது இதைத்தான்: இது சாப்பாடா, பலகாரமா?

'பூமியிலிருந்து ரொட்டியை விளைவிக்கிறவர்' என்று இறைவனைப் போற்றும் ஹமோட்சி ஆசி சாப்பாட்டு ரொட்டிக்கு உரியது. கேக் வகைக்கு வேறு ஆசி உண்டு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் இனிப்பு ரொட்டியில்தான் வழக்கு. 16ஆம் நூற்றாண்டில் சட்டத்தைத் தொகுத்த யோசேப் காரோ, இனிப்பு நாக்கில் தெரிந்தாலே பலகாரம் என்றார். அதே காலத்தில் போலந்தின் கிராக்கோவில் இருந்த மோசே இஸர்லெஸ், இனிப்பு மேலோங்கி நின்றால்தான் பலகாரம் என்றார். ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதர்கள் முன்னவர் வழி, மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் பின்னவர் வழி. ஆக, லேசாக இனிக்கும் ஒரே ஹல்லா ரொட்டி ஒரு வீட்டில் சபாத்துக்கு ஆகும், இன்னொரு வீட்டில் ஆகாது.

இன்னொன்றும் கேளுங்கள். அதே பலகாரத்தை ஒருவர் வயிறு நிறைய, ஒரு வேளைச் சாப்பாடாகவே உண்ண உட்கார்ந்தால் அதற்கும் ஹமோட்சிதான். சர்க்கரை ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. உட்கார்ந்தவரின் நோக்கம் மாறியது, ஆசியும் மாறியது. இவ்வளவு நுட்பமாக மனிதனைக் கவனிக்கும் சட்டத்தைச் சர்க்கரைக் கணக்கு என்று தள்ளிவிடுவது சரியல்ல.

தானியத்தில் மட்டும் இந்த நெகிழ்வு இல்லை. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்ற ஐந்தில் ஒன்று வேண்டும். தனி அரிசி மாவில் சுட்டது எவ்வளவு பசி தீர்த்தாலும் ஹமோட்சி கிடையாது.

சபாத்துக்கென்று கூடுதலாக ஒரு விதி: மேசையில் இரண்டு ரொட்டிகள், இரண்டும் முழுசாக இருக்க வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானிலிருந்து கிடைத்த உணவான மன்னா ஓய்வுநாளன்று விழாது என்பதால், முந்தின நாளே தலைக்கு இரண்டு ஓமர் (அக்கால அளவை) சேர்த்தார்கள் என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம். அந்த இரட்டைப் பங்கின் நினைவு இது. உள்ளங்கையளவு முழு ரொட்டி கிடைத்தாலும் போதும், பெரிய ரொட்டியின் வெட்டிய துண்டு அதற்கு ஈடாகாது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கத்திதான். வார நாட்களில் ரொட்டியைக் கொஞ்சம் வெட்டி வைத்துக்கொண்டு ஆசி சொல்வார்கள். சபாத்தில் அப்படிச் செய்தால் முழுமை கெட்டுவிடுமே! அதனால் வெட்டப்போகும் இடத்தில் கத்தியால் மேலாக ஒரு கீறல் மட்டும். அப்புறம் இரண்டையும் சேர்த்துக் கையிலேந்தி ஆசி சொல்லி, கீறிய இடத்தில் வெட்டி, உப்பில் தொட்டு முதல் வாய் தான் உண்டபின் மற்றவர்களுக்குக் கொடுக்கிறார் வீட்டுத் தலைவர்.