கூடையா, சாக்கா?

(சித்திரம், கண்காட்சி, சந்தை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். இருபது வருடமாகச் சிறுவர் நூல்களுக்கும் இதழ்களுக்கும் படம் வரைகிறார்.)

அக்கா, அடுத்த கலா பொலவில் படங்களை வைக்க ஆசை. முதல் தடவை என்ன கொண்டு போகலாம்? கொழும்பில் நம்மையெல்லாம் மதிப்பார்களா? (வாசகர், மஸ்கெலியா)

தம்பி, பொல என்றால் சந்தைதானே. நம்ம டவுன் சந்தையில் லீக்ஸும் கரட்டும் பரப்பி வைக்கிற மாதிரி, விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவோரத்தில் படங்களைப் பரப்புவார்கள். 1993இல், ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரிலுள்ள ஜோர்ஜ் கீற் மன்றம் தொடங்கி வைத்தது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அறிவித்தல் வரும் என்று காத்திருக்காமல் இப்போதே விசாரித்து வையுங்கள்.

நான் முதல் தடவை கண்ணாடி போட்ட பெரிய படங்கள் ஆறைப் போர்வையில் சுற்றி ரயிலில் கொண்டு போனேன். நாவலப்பிட்டி தாண்டுவதற்குள் இரண்டு கண்ணாடி போய்விட்டது. பகல் இரண்டு மணி வரை ஒன்றும் விற்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் விலை எழுதும் அட்டைகளின் மூலையில் கேத்தல், பூனை, கோழிக்கூடு என்று கிறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து, படத்தை விட்டுவிட்டு விலை அட்டையைக் கேட்டார். அன்றைக்கு விற்றது அந்த அட்டைகள்தான்!

ஆகவே சின்னதாகக் கொண்டு போங்கள். கண்ணாடி, ஃபிரேம் வேண்டாம். பின்னால் தடித்த அட்டை வைத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டால் போதும். இரண்டு பெரிய படம் தூரத்திலிருந்து ஆளை இழுக்க. மற்றதெல்லாம் கைப்பையில் அடங்குகிற அளவு. சில்லறை, கயிறு, துணிக்கவ்வி, தொப்பி, மழைக்கு ஒரு படங்கு.

மதிப்பார்களா என்றால், சிலர் “எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டுவிட்டுப் பதில் வருமுன் நகர்ந்துவிடுவார்கள். சிலர் கால்மணி நேரம் நின்று ஒரே படத்தைப் பார்ப்பார்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த இரண்டாவது வகை ஆளோடு பேசுங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைந்தால்தான் விற்கும் என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் சலிப்பு. வரையாமல் விட்டால் தவறா? (வாசகி, பண்டாரவளை)

தவறே இல்லை. ஆனால் சலிப்பு எதில் என்று முதலில் பாருங்கள். அந்தப் பெண்ணிலா, தேயிலை டின்னில் சிரித்துக்கொண்டே இருக்கிறாரே, அந்தப் பெண்ணிலா?

நானும் டின் பெண்ணை வரைந்து விற்றிருக்கிறேன். சிவப்புச் சேலை, மூங்கில் கூடை, பின்னால் பஞ்சு மாதிரி மேகம். வீட்டு வாடகை அதில்தான் போனது, அதற்கு வெட்கமில்லை. ஒரு நாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இவ எந்தத் தோட்டம்?” என்றார். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர். “கை இப்புடியா இருக்கும்? இவ கொழுந்து பறிக்கல, பூப்பறிக்கிறா.” பிறகு தன் கையை விளக்குக்குக் கீழே நீட்டினார். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாயக்கறை, வெடிப்புக்குள் இறங்கிய கறுப்பு. எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாதது. மறுநாள் முழுக்க அந்தக் கையை மட்டும் வரைந்தேன். நிப் பேனா, இந்தியன் இங்க். பதினொரு தாள் கிழிந்தது.

கூடையும் அப்படித்தான். இப்போது எத்தனையோ மலைகளில் முதுகில் தொங்குவது சாக்கு. இடுப்பில் படங்கு, காலில் அட்டைக்கடிக்குப் பூசிய சவர்க்காரம், அதைக் கழுவ நேரமில்லாத அவசரம். சாக்கை வரைந்தால் வாங்குகிறவர் “கூடை போட முடியாதா?” என்பார். எனக்கு அப்படி ஒருவர் முன்பணமே தந்தார். திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. கொடுக்கவில்லை, கூடை போட்டுக் கொடுத்தேன். சாக்குப் படத்தை எனக்கென்று தனியாக வரைந்து வைத்துக்கொண்டேன். கடைசியில் கண்காட்சிக்குத் தெரிவானது அதுதான்.

லயத்தில் வரைய வேறு ஒன்றுமே இல்லையா, தங்கச்சி? வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை வைத்திருக்கிற பிள்ளைக்காம்பராவின் ஏணை, தேயிலை ஸ்டோருக்குப் போகிற லொறியின் பின்பக்கம், காமன் கூத்துக்கு வேஷம் கட்டுகிற பையன் கண்ணாடி கிடைக்காமல் போன் திரையில் முகம் பார்க்கிற பார்வை. அடுத்த படத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

என் தாள்களில் பழுப்புப் புள்ளி விழுகிறது. தேயிலைச் சாயத்தில் வரைந்த படமும் நிறம் மாறுகிறது. என்ன செய்ய? (வாசகர், நுவரெலியா)

புள்ளி பூஞ்சணம். உங்கள் ஊர் ஈரத்துக்கு வேறென்ன வரும்? தாளைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். வரைந்தது நன்றாகக் காய்ந்த பிறகே உறையில் போடுங்கள், அவசரம்தான் பாதிப் படத்தைக் கெடுக்கிறது. புள்ளி விழுந்த தாளை மற்றவற்றிலிருந்து பிரித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடலாம் என்று எங்கள் அம்மாயி யோசனை சொன்னார். பூஞ்சணம் வரவில்லை, படம்தான் கருவாடு மாதிரி ஆனது.

தேயிலைச் சாயம் வெளிச்சத்தில் நிற்காது. வினாகிரியில் துருப்பிடித்த ஆணியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கடுஞ்சாயத்தில் சில சொட்டு விட்டால் கறுத்துவிடும். இரும்பும் தேயிலையின் துவர்ப்பும் சேர்கிற வேலை. விளையாடிப் பார்க்க அருமை. ஆனால் அதுவும் காலப்போக்கில் பழுப்பாகும், தாளையும் அரிக்கும். விற்கிற படமென்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

என் சிநேகிதி என் பாணியை அப்படியே எடுத்து வரைகிறாள். பேசுவதை நிறுத்திவிட்டேன். சரியா? (பெயர் வேண்டாம், பசறை)

ஒரு படத்தைப் பிரதி எடுத்துத் தன் பெயர் போட்டால் நேரே கேளுங்கள். பாணி என்றால் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அதை எங்கிருந்து எடுத்தீர்கள்?

1943இல் கொழும்பில் லயனல் வென்ட் வீட்டில் கூடி ‘43 குழு’ என்ற ஓவியர் அணியை அமைத்தவர்களைப் பாருங்கள். வென்ட் புகைப்படக்காரர், பியானோ வாசிப்பவர். கண்டியில் பிறந்த கீற் அதில் இருந்தார், கேலிச்சித்திரம் போட்ட ஓப்ரி கொலெட்டும் இருந்தார். ஒருவர் கோடு இன்னொருவர் கோடு மாதிரி இல்லை.

எனக்கு அப்படி வாய்த்த சிநேகிதி சந்தையில்தான் கிடைத்தார். பக்கத்துக் கடையில் மரச்செதுக்கு அச்சுப் படம் விற்ற சிங்கள அக்கா. மழை கொட்டியபோது என் படங்களின் மேல் தன் படங்கை இழுத்துவிட்டார், அவருடையது நனைந்தது. இன்றும் வாட்ஸ்அப்பில் அரைகுறைப் படங்களை மாற்றிக்கொள்கிறோம். ஒருமுறை, “உங்கள் படங்களில் ஏன் எல்லாரும் குனிந்தே இருக்கிறார்கள்?” என்று கேட்டார். கோபம் வந்தது. மூன்று நாள் பதில் போடவில்லை. பிறகு பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கோழி கூடக் குனிந்திருந்தது.

உங்கள் சிநேகிதி அப்படி ஏதாவது கேட்கிறவரா? கேட்பாரென்றால் போன் எடுங்கள்.

போன் திரையில் விரலால் வரைந்தால் ஓவியமா? (மாணவன், தலவாக்கலை)

ஆமாம். சார்ஜ் முடிவதற்குள் வரையுங்கள்.

உங்கள் அம்மா கண்காட்சிக்கு வந்திருக்கிறாரா? (வாசகி, பொகவந்தலாவை)

ஒரு தடவை. வழுக்குகிற தரையில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கையை மட்டும் வரைந்த படத்தின் முன் நின்றார். விலை 27,000 ரூபாய் என்று எழுதியிருந்தது. “இது எத்தன பேரு?” என்றார். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் ஒரு பேர். அப்போதைய 1,350 ரூபாய்க் கணக்கில் இருபது பேர் என்றேன்.

“நீ எத்தன நாள் போட்ட?”

“பத்தொன்பது.”

“அப்ப சரி,” என்றவர், தேத்தண்ணி எங்கே தருகிறார்கள் என்று தேடிப் போய்விட்டார்.