வாசகர் கேள்வி – பதில்: வாட்ஸ்அப் குழுவும் கிராம சபையும்

கேள்வி: எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் குடிநீர், சாலை, சுற்றுலா வாகனங்களுக்கான இ-பாஸ் என எல்லாவற்றைப் பற்றியும் நள்ளிரவு வரை வாக்குவாதம் நடக்கிறது. கிராம சபைக்கோ ஆள் சேர்வதே அரிதாக இருக்கிறது. இணையம் ஜனநாயகத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?
– வாசகர் ஒருவர், பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்

பதில்: விடையின் பெரும்பகுதி உங்கள் மலையிலேயே இருக்கிறது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை 2001 மார்ச்சில் உள்ளூர் மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் அம்பலப்படுத்திய பிறகே அந்த ஆலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகச் சொன்ன முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து, 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி, ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அவர்களுக்கு நீதி கேட்டு 2015 ஜூலை இறுதியில் யூடியூபில் வெளியான ஒரு ராப் பாடலைச் சில நாள்களிலேயே பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

பாடல்தான் வென்று கொடுத்தது என்று சொல்வோர் உண்டு. அது தொழிலாளர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். சங்கமும் வழக்கும் விடாப்பிடியான போராட்டமும் முன்பே இல்லாதிருந்தால், அந்தக் காணொளி நாலு நாள் பேச்சோடு ஓய்ந்திருக்கும். அதே வேளையில், மலையில் எழுந்த குரலைக் கடல் தாண்டியிருந்த தாய் நிறுவனத்தின் காதில் உரக்க விழச் செய்தது இணையம் என்பதையும் மறுக்க முடியாது.

இதே கைப்பேசி உயிரையும் பறித்திருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைக் கண்டு, பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்த கும்பல் அவரை அடித்துக் கொன்றது. அதற்கு முன் பல நாள்களாக வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பின், அந்த ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கிராம சபையில் ஒருவர் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், எழுந்து நின்று, ஊரார் முன்னிலையில் சொல்கிறார். பொய்யாக இருந்தால் அடுத்த வீட்டுக்காரரே மறுப்பார். உண்மையாக இருந்தால் அது தீர்மானப் பதிவேட்டில் ஏறி, பதில் சொல்ல வேண்டிய பொறுப்பை ஊராட்சியின் மேல் சுமத்துகிறது. குழுவில் பகிரப்படும் செய்தியை முதலில் யார் எழுதினார் என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை. அது எந்த அதிகாரியின் மேசைக்கும் போவதில்லை. நூறு பேர் கட்டை விரல் காட்டினாலும் அது தீர்மானம் ஆகாது. இணையம் ஜனநாயகத்துக்குச் செய்யும் ஆகப் பெரிய தீங்கு, என் பார்வையில், பொய்யைப் பரப்புவதைவிட, கோபத்தைக் கொட்டியவுடன் கடமை முடிந்தது என்ற நிறைவைத் தந்துவிடுவதுதான்.

குழுவைக் கலைக்கச் சொல்லவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்தைய வாரம் குழுவில் பேசி, உடைந்த குழாயின் படத்தையும் கேட்க வேண்டிய கேள்வியையும் முடிவு செய்து, சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு செய்யுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: அப்படியானால், வதந்தி பரவும்போது அரசு இணையத்தையே முடக்குவது சரிதானே?
– அதே வாசகர்

பதில்: சரியல்ல. வதந்தியோடு அதற்கான மறுப்பும் முடங்கிப்போகிறது. மண்சரிவில் சாலை துண்டிக்கப்படும் மலையில் இணையத்தை இழப்பது இன்னும் ஆபத்தானது. காலவரையற்ற முடக்கம் கூடாது என்றும், முடக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்றும், அவற்றை எதிர்த்துக் குடிமக்கள் நீதிமன்றம் செல்லலாம் என்றும் 2020 ஜனவரியில் காஷ்மீர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.