ஸ்டீயரிங் எந்தப் பக்கம்? – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

மெக்கானிக்கல் முடித்துவிட்டு உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கார் பைத்தியம். ஜப்பானின் மாஸ்டா செய்யும் சின்ன இரண்டு சீட் திறந்த கார் எம்எக்ஸ்-5ஐப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் அதற்குப் பத்துப் போட்டியாளர்கள் இருந்தார்கள். இன்று அந்த விலையில் எதிரே ஆளே இல்லை. போட்டி இல்லாவிட்டால் பொருள் கெட்டுப்போகும் என்றுதானே படித்தோம்? இது மட்டும் ஏன் கெடவில்லை? குதிரைத்திறன், எடை, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் நேரம் எல்லாம் போட்டு ஓர் அட்டவணை இணைத்திருக்கிறேன். எம்எக்ஸ்-5 எதிலும் முதலிடம் இல்லை. 'பொம்பளைங்க கார்' என்று வீடியோக்களில் கிண்டல் வேறு. இது இந்தியாவுக்கு வருமா? இங்கே எம்ஜி சைபர்ஸ்டர் என்ற இரண்டு சீட் மின்சார கார் வந்துவிட்டதே, அது அந்த இடத்தை நிரப்பிவிடுமா?

பிரவீன், பொள்ளாச்சி

அன்புள்ள பிரவீன்,

கார் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எனக்கு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரம்தான் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் நான் முன்பு குடியிருந்த தெருவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா போய்விட்டார். எண்பத்து நான்கு வயது. அவருடைய சிவப்பு எம்எக்ஸ்-5 இன்னும் வாசலில்தான் நிற்கிறதாம். இரண்டு நாளாக அந்த வண்டியையே நினைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் அட்டவணையோடு வந்தீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். 'பொம்பளைங்க கார்' என்று யாரோ சொன்னதைத்தானே எழுதினேன் என்பீர்கள். மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் அழுக்கு ஒட்டாதா? உங்கள் வீட்டில் ஸ்கூட்டி ஓட்டுகிற பெண்ணிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொல்லும் அம்மா அந்த ஊரில் ஒரு கார் தொழிற்சாலையில் 22 வருடம் தையல் பிரிவில் இருந்தவர். சீட் உறை, திறந்த வண்டிகளுக்கான கான்வாஸ் கூரை எல்லாம் அவர் கை பட்டுப் போனவை. வீடியோவில் கிண்டல் செய்கிற பையன்கள் ஒரு நேர்த் தையல் போட்டுக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

நான் அங்கே போனது 2008 குளிர்காலத்தில். ஊரில் ஓட்டிப் பழகிய கை, அந்த ஊர் வளைவுகளில் தடுமாறியது. "வா, உட்கார்" என்று தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஜனவரி. கூரையைத் திறந்துவிட்டார்! தலையில் கம்பளித் தொப்பி, காலடியில் ஹீட்டர் முழு வேகத்தில். கழுத்துக்கு மேலே பனி, இடுப்புக்குக் கீழே அடுப்பு. கெனில்வொர்த் சாலையில் போய்த் திரும்பினோம், பத்து மைல்கூட இருக்காது. வேகமும் பெரிதாக இல்லை. ஆனால் கியர் மாற்றும்போது அது விழுகிற இடம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. திரும்பி வந்ததும் நான் கூரையைப் பின்னால் மடக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஜிப்பைத் திறக்காமலேயே இழுத்துவிட்டேன். அந்த முதல் தலைமுறை வண்டிகளில் பின் கண்ணாடி வெறும் பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து அதைப் படுக்க வைத்துவிட்டுத்தான் கூரையை மடக்க வேண்டும், இல்லாவிட்டால் தழும்பு மாதிரி மடிப்பு விழுந்துவிடும். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இத்தனை வருடம் ஆங்கிலேய வண்டிகளுக்குத் தைத்துவிட்டு ஏன் ஜப்பான்காரன் வண்டி என்று கேட்டேன். "எங்கள் கூரைகள் ஒழுகும். தைத்தவள் நான், எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்குள் ஒட்டிக்கொண்டது. அவர் தைத்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின. கலிபோர்னியாவில் மழை எங்கே? ஒழுகுகிறது என்று புகார் எழுத வேண்டியவன் இங்கிலாந்தில் நனைந்துகொண்டிருந்தான், அவன் பேச்சை யார் கேட்பது?

உங்கள் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் போட்டியைப் பார்க்கிறீர்கள். நான் ஸ்டீயரிங் எந்தப் பக்கம், அதாவது எந்த ஊர்க்காரனுக்காகச் செய்தார்கள் என்று பார்க்கிறேன்.

எம்ஜி என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் எம்ஜிபி என்ற திறந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்கு. 1974இல் அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காகக் குரோம் பம்பரைக் கழற்றிவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையே தரையிலிருந்து தூக்கினார்கள். வளைவில் சாய ஆரம்பித்தது. அமெரிக்காவுக்கு மட்டும் அல்ல, இங்கிலாந்துக்காரனுக்கும் அதே வண்டிதான். வலது பக்கம் ஸ்டீயரிங் இருந்தது, மனசு அமெரிக்காவில் இருந்தது. பவுண்டின் மதிப்பு ஏறியபோது டாலரில் விற்றுப் பவுண்டில் கணக்குப் பார்த்தால் கையைக் கடித்தது. 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடினார்கள். போட்டியாளன் வந்து அடிக்கவில்லை, பிரவீன். மாஸ்டா வந்தது ஒன்பது வருடம் கழித்து.

பிறகு வந்தவர்களும் பாடம் படிக்கவில்லை. 1995இல் வந்த ஃபியாட் பார்கெட்டா அழகான வண்டி. ஆனால் கடைசிவரை இடது பக்க ஸ்டீயரிங் மட்டும்தான். ஜெனரல் மோட்டார்ஸின் பாண்டியாக் சோல்ஸ்டிஸ், அதன் உடன்பிறப்பு சாட்டர்ன் ஸ்கை, இரண்டுமே அப்படித்தான். இங்கிலாந்தும் ஜப்பானும் திறந்த சின்ன வண்டிக்கு ஏங்குகிற ஊர்கள். இரண்டும் வலது பக்கம். அந்தக் கதவுகளைத் தாங்களே சாத்திக்கொண்டு, அமெரிக்காவில் விழுந்ததும் மொத்தமாக விழுந்தார்கள். டெலவேர் மாநிலத்தில் அவற்றைச் செய்த வில்மிங்டன் ஆலை 2009இல் மூடியது.

மாஸ்டா முதல் நாளிலிருந்தே இரண்டு பக்கமும் வைத்தது. இது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். எண்ணைப் பாருங்கள்: 1989இல் தொடங்கி பத்து லட்சமாவது வண்டி வந்தது 2016 ஏப்ரலில். வகுத்தால் வருடத்துக்கு 37,000, அதுவும் உலகம் முழுக்க. மாருதி இந்தியாவில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் விற்கிற கணக்கு. இரண்டு சீட் வண்டிக்கு எந்த ஊரிலும் பெரிய சந்தை கிடையாது. கைப்பிடி கைப்பிடியாகப் பத்து ஊரில் அள்ளினால்தான் ஒரு படி நிறையும்.

உங்கள் அட்டவணையில் ஹோண்டா எஸ்2000 இருக்கிறது, அது இரண்டு பக்கமும் வந்தது, 2009இல் நின்றும் போனது. பார்த்தேன். என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். டொயோட்டா எம்ஆர்2 இன்னொரு ஓட்டை. ஆகவே இரண்டு பக்கம் மட்டும் போதாது, சின்னதாகவே இருக்கவும் வேண்டும் என்று சேர்த்துக்கொள்கிறேன். பிஎம்டபிள்யூ இசட்3, இசட்4 ஆகி வளர்ந்துகொண்டே போனது. மாஸ்டா 2015இல் கொண்டுவந்த நான்காம் தலைமுறையில் எடையைக் குறைத்தது. அப்போது ஜப்பானில் அடிப்படை வண்டி ஆயிரம் கிலோவுக்குள் இருந்தது. ஊருக்கு ஏற்றபடி எஞ்சினை மாற்றியது. ஜப்பானில் கார் வரி சிசி கணக்கில் படிப்படியாக ஏறும், 1,500 ஒரு படி. அங்கே வழக்கமான கான்வாஸ் கூரை வண்டிக்கு 1.5 லிட்டர். அமெரிக்காவில் நெடுஞ்சாலைக்கு 2 லிட்டர். ஒரே மாவுதான், ஒரு ஊருக்கு இட்லி, ஒரு ஊருக்குத் தோசை.

போட்டி இல்லையே என்கிறீர்கள். இருந்தது, வீட்டுக்குள். இந்த வண்டிக்காக மாஸ்டா தன் டோக்கியோ குழுவையும் கலிபோர்னியா குழுவையும் மோதவிட்டது. டோக்கியோ முன்சக்கர இயக்கம் ஒன்றும் நடு எஞ்சின் ஒன்றும் வரைந்தது. கலிபோர்னியா பழைய ஆங்கிலேய முறையில் முன்னால் எஞ்சின், பின்சக்கர இயக்கம். கலிபோர்னியா ஜெயித்தது. முதல் ஓட்ட மாதிரியைக் கட்டியது இங்கிலாந்தில் வொர்த்திங் என்ற ஊரில் ஒரு நிறுவனம். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது "அப்படியானால் பாதி எங்களுடையதுதான்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னாளில் வந்த நேர்ப் போட்டியாளன் ஃபியாட் 124 ஸ்பைடரும் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் ஆலையிலேயே பிறந்தது. எஞ்சின் மட்டும் இத்தாலியிலிருந்து வரும். 2016இல் வந்து நாலைந்து வருடத்தில் போய்விட்டது.

இந்தியாவுக்கு வருமா? வராது. நம் சட்டப்படி வரி குறைவான சின்ன பெட்ரோல் கார் என்றால் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள். எம்எக்ஸ்-5 நீளம் 3,915 மில்லிமீட்டர், பாஸ். எஞ்சின் 1,496 சிசி, ஃபெயில். அதற்கு மேல் இறக்குமதி வரி. ஆனால் வரியைவிடப் பெரிய தடை என் பெரியப்பா. 2000 வாக்கில் கோவை ரேஸ்கோர்ஸில் ஒரு சான் ஸ்டார்ம் நின்றிருந்தது. கோவாவில் செய்த இரண்டு சீட் திறந்த கார். ஃபைபர் உடம்பு, 1,149 சிசி ரெனோ எஞ்சின். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, பொண்டாட்டி ஏறிட்டா புள்ளைய எங்க உக்கார வெக்கிறது?" என்றார். அன்றைக்கும் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. நம் ஊரில் காற்று வாங்க விரும்புகிறவனுக்குப் புல்லட் இருக்கிறது, அதிலும் இரண்டு சீட்தான்.

சைபர்ஸ்டர் பற்றி என்ன சொல்ல? நாலரை மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்குப் பக்கம் எடை, முக்கால் கோடி. ஆக்ஸ்போர்டில் பிறந்து ஆபிங்டனில் வளர்ந்த பெயர் சீனக் கம்பெனியிடம் போய் மின்சாரமாகத் திரும்பி வந்திருக்கிறது, சந்தோஷம். நீங்கள் கேட்ட இடம் வேறு.

உங்கள் அட்டவணையைத் திருப்பி அனுப்புகிறேன். நூறைத் தொடும் நேரத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு பத்தி புதிதாகப் போடுங்கள்: ஒவ்வொரு வண்டியும் எந்தெந்தப் பக்கம் ஸ்டீயரிங்கோடு வந்தது, மழை தூறினால் இறங்காமல் ஒரு கையால் கூரையை இழுத்துப் போட முடியுமா. நிரப்பி அனுப்புங்கள், பார்க்கிறேன்.