கேபினில் கங்கு வைத்துத் தூங்கிய கிளீனர்: ஓனர் கைகழுவ முடியுமா?

கேள்வி: மேட்டுப்பாளையத்து ஓனர் ஒருவரிடம் லாரி ஓட்டுகிறேன். மூன்று வண்டிகள், மூன்று டிரைவர்கள், மூன்று கிளீனர்கள், கணக்குப் பார்க்க ஒருவர். ஊட்டியில் காரட் ஏற்றி மைசூருக்குப் போவோம். 2025 ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் லோடுக்காக ராத்திரி நின்றோம். வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது ஓனர் சொல். உறைபனி தாங்காமல் கிளீனர் பெயிண்ட் டப்பாவில் கரிக் கங்கு போட்டு கேபினுக்குள் வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படுத்திருக்கிறார். நான் பக்கத்து வண்டியில் படுத்திருந்தேன். விடியற்காலையில் அவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். பிழைத்துவிட்டார், ஆனால் மறதியும் தலைவலியும் விடவில்லை, வேலைக்கும் வர முடியவில்லை. “அவனே வைத்த நெருப்பு” என்று சொல்லி ஓனர் 10,000 ரூபாய் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார். நாங்கள் படுக்க ஒழுங்கான இடம் கேட்க உரிமை உண்டா?

பதில்: கங்கு வைத்தது யார் என்று ஓனரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கிளீனர்தான் வைத்தார் என்று ஒப்புக்கொண்டே வழக்கை நடத்தலாம். 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் அஜாக்கிரதையைக் காரணம் காட்டி முதலாளியை விடுவிப்பதில்லை. பிரிவு 3இன்படி அவர் தப்பிக்க, ஊழியர் குடிபோதையில் இருந்திருக்க வேண்டும். அல்லது பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகச் சொன்ன உத்தரவையோ, கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தையோ வேண்டுமென்றே புறக்கணித்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து கங்கு வைப்பது இதில் எதிலும் வராது. ஆனால் “கேபினில் நெருப்பு வைக்காதே என்று அன்றே சுற்றறிக்கை கொடுத்தேன்” என்று பழைய தேதி போட்ட தாள் ஒன்று பிறகு முளைக்கலாம். அதனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் 2025 ஜனவரிக்கு முன்பிருந்த செய்திகளை இப்போதே எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அப்படி ஓர் உத்தரவு வரவே இல்லை என்பதற்கும், வண்டியை விட்டு நகரக் கூடாது என்று அவர் சொன்னதற்கும் அதுவே சாட்சி.

“தூங்கிக்கொண்டிருந்தவன் வேலையிலா இருந்தான்?” என்பது அடுத்த வாதமாக வரும். 2019இல் உச்ச நீதிமன்றம் இதை ஒட்டிய வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நிறுத்தத்தில் இருந்த பேருந்தின் கூரையில் சாப்பிட்டுவிட்டு இறங்கிய ஓட்டுநர் விழுந்து இறந்தார். வண்டியோடேயே இருக்க வேண்டிய வேலை என்பதால் அது பணியின்போது நேர்ந்த விபத்துதான் என்று நீதிமன்றம் கொண்டது. உங்கள் கிளீனரின் நிலையும் அதுதான். மைசூர் டிரிப்பில் இது இன்னும் தெளிவு. பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். லேட்டாக லோடு ஏறினால் கூடலூரிலோ தொரப்பள்ளியிலோ ராத்தங்கியே ஆக வேண்டும். எதிர்பாராத தங்கல் என்று அவர் சொல்ல வழியில்லை.

எவ்வளவு கிடைக்கும்? 2020 ஜனவரி முதல் கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். தற்காலிக இயலாமைக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் 25 சதவீதம், அதாவது அதிகபட்சம் 3,750 ரூபாய். 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே உண்டு. மருத்துவச் செலவு தனி, பிரிவு 4(2ஏ)இன்படி பில்லோடு கேட்கலாம். மறதி நிரந்தரம் என்று மருத்துவர் சான்றளித்தால் கணக்கு மாறும். 15,000 ரூபாய் சம்பளம், 30 வயது, சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று வைத்தால்: 9,000 (சம்பளத்தில் 60 சதவீதம்) × 207.98 (30 வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் எண்) × 20 சதவீதம் = 3,74,364 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம். வண்டி பாலிசியில் டிரைவர், கிளீனருக்கென்று பிரீமியம் கட்டியிருந்தால் இழப்பீட்டையும் வட்டியையும் காப்பீட்டு நிறுவனம் தரும். அபராதம் ஓனர் பையிலிருந்துதான் போகும், அதனால் நோட்டீஸ் போன மறுவாரமே பேச்சுவார்த்தைக்கு ஆள் வரலாம். சம்பளத்தில் ஈஎஸ்ஐ பிடித்திருந்தால் மட்டும் இந்த வழி அடைபடும், அங்கேதான் கேட்க வேண்டும்.

மனுப் போடக் கெடு இரண்டு வருடம், 2027 ஜனவரியோடு முடிகிறது. 2025 நவம்பர் 21இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டாலும், விபத்து அதற்கு முந்தியது என்பதால் பழைய சட்டத்தின் உரிமையே செல்லும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, கிளீனர் குடியிருக்கும் இடத்துக்கு உரிய இழப்பீட்டு ஆணையரிடமும் மனு போடலாம். அவர் மேட்டுப்பாளையத்துக்காரர் என்றால் மலையேற வேண்டியதில்லை.

வழக்கு சறுக்குவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்தான். கரிக் கங்கு விடும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு, சாதாரணக் காற்றில் நாலைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறையும். ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் இன்னும் வேகமாக, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். ஆகவே ரத்தம் எப்போது எடுத்தார்கள், ஆக்சிஜனுக்கு முன்பா பின்பா என்பது முக்கியம். ரிப்போர்ட்டில் அளவு குறைவாக இருந்தாலும் வழக்கு விழாது, நேரத்தைக் காட்டினால் போதும். ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, 108 ஆம்புலன்சில் கொண்டுபோனால் அந்தப் பதிவு மூன்றையும் கேட்டு வாங்குங்கள். காரட்டுக்கு இ-வே பில் கிடையாது. அந்த இரவு வண்டி அங்கே நின்றதற்கு மண்டிச் சீட்டு, எடைமேடை சீட்டு, ஜிபிஎஸ் பதிவுதான் உங்கள் ஆதாரம். ஜிபிஎஸ் பதிவு அழியும் முன் அதைப் பாதுகாக்கச் சொல்லி ஓனருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். சம்பளத்துக்குக் கணக்குப் புத்தகத்தை நம்பாமல், வங்கி அல்லது ஜிபே வரவைக் காட்டுங்கள்.

இனி படுக்கைக்கு வருவோம். விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 5 பேர் இருந்தாலே பொருந்தும். உங்களிடம் 7 பேர், கிளீனரும் கணக்காளரும் சேர்த்தியே. பிரிவு 9 இரவில் தங்கவேண்டிய இடத்தில் ஓய்வறையோ தகுந்த மாற்று இடமோ கேட்டது. வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம், வசதி நான்கும் அதில் இருக்க வேண்டியிருந்தது. இத்தனை அங்குல மெத்தை என்று அளவு சொல்லவில்லை. சீட்டின் பின்னால் இருக்கும் பலகை தகுந்த மாற்று இடமா? ஸ்லீப்பர் கேபின் இல்லாத வண்டியில், பனி கொட்டும் ஊரில், இல்லை என்பதே என் வாதம். அந்தப் பலகையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து போட்டோ எடுங்கள். பிரிவு 15 ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்கும் முன் தொடர்ந்து 9 மணி நேர ஓய்வும் கேட்டது. வண்டியை விட்டு நகராமல் லோடுக்குக் காத்திருந்த இரவு அந்தக் கணக்கில் தேறாது.

இன்றைய நிலை உங்களுக்குச் சாதகமில்லை. 1961 சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது, அதன் வரம்பு 10 தொழிலாளர். 7 பேரோடு ஓய்வறை கேட்டு மனுப் போட்டால் அந்த எண்ணிக்கையிலேயே தட்டிவிடுவார்கள். வேலை நேரத்துக்கு மட்டும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 91 கைகொடுக்கலாம். ஓய்வுக்கு ஒப்பந்தம்தான் வழி. தலைக்குந்தாவிலும் கூடலூரிலும் இரவு தங்க டார்மிட்டரி வாடகை, வண்டிக்கு இரண்டு கம்பளி, லோடு காவலுக்கு மாற்று ஏற்பாடு இவற்றை ஓனரிடம் எழுதி வாங்குங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரில் தூங்குவதை ஒப்பந்தத்தில் சேர்க்காதீர்கள், சைலன்சர் ஓட்டையானால் அதே விஷவாயு கேபினுக்குள் வரும்.

அந்தத் தாளில் கிளீனர் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டிருந்தாலும் பதற வேண்டாம்: இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் பிரிவு 17இன்படி செல்லாது, ஆணையரிடம் பதிவாகாத சமரசமும் ஓனரைக் காப்பாற்றாது. வாங்கிய 10,000 ரூபாயை மனுவில் மறைக்காமல் ‘முன்பணம்’ என்று எழுதிவிடுங்கள்.