தாள் விலக்கு உண்டு, வெள்ளிக்குள் பணம் கட்டுங்கள் என்கிறார் ஏஜென்ட். மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். ‘நிதியும் முதலீடும்’ என்ற இளநிலைப் பட்டப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். பள்ளியில் கணக்குப்பதிவியல் எடுக்கவில்லை. கணிதத்தில் சுமாரான மதிப்பெண்தான். இந்தப் பட்டம் முடித்தால், முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வில் பாதித் தாள்கள் எழுத வேண்டியதில்லை, வேலை உறுதி, ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்கிறார் சேர்க்கை ஏஜென்ட். சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டாம். ஏஜென்ட் சொன்ன மூன்றில் முதலாவது தவறு. இரண்டாவதை எந்தக் கல்லூரியாலும் சொல்ல முடியாது. மூன்றாவது அவருடைய அவசரம், உங்களுடையது அல்ல.

கணக்குப்பதிவியல் படிக்காததை மனதில் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் செமஸ்டரில் பற்று, வரவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். முன்பே படித்துவிட்டு வருபவர்கள் ‘இதெல்லாம் தெரியும்’ என்று வகுப்பில் தூங்குவார்கள். ஆண்டு முடிவதற்குள் மற்றவர்கள் அவர்களைப் பிடித்துவிடுவார்கள்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன கணிதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் படிப்பில் முதலாண்டு தாண்டினால் எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு பங்கைத் தனியாகப் பார்க்காதே, அது மற்றப் பங்குகளோடு சேர்ந்து எப்படி ஏறி இறங்குகிறது என்று பார் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952இல் கணிதமாக எழுதிக் காட்டினார். முதலீட்டுப் பாடத்தின் அடித்தளம் இன்றும் அதுதான். அதைப் புரிந்துகொள்ள நிகழ்தகவும் புள்ளியியலும் வேண்டும், கொஞ்சம் அணிகளும் (மேட்ரிக்ஸ்) வேண்டும். அப்புறம் 1973இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் இருக்கிறது. ஆப்ஷன், அதாவது ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை, அதன் விலையைக் கணக்கிட உதவுவது அது. இளநிலையில் அதை வருவித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதைப் பார்த்ததும் பக்கத்தைத் திருப்புகிற மாணவிக்கு மூன்றாம் ஆண்டு பெரும்பாடாக இருக்கும்.

மதிப்பெண்ணை விடுங்கள். மகளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். 100 ரூபாய்ப் பங்கு 50 சதவீதம் விழுந்து, பிறகு 50 சதவீதம் ஏறினால் எவ்வளவு? விடை 75. வட்டி 10 சதவீதம் என்றால், அடுத்த ஆண்டு கைக்கு வரும் 1000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு என்ன? ஏறத்தாழ 909. தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. ‘ஏன் 900 இல்லை?’ என்று அவள் உங்களோடு வாதாடினால் இந்தப் படிப்பு அவளுக்குச் சரிப்படும். ‘சரி, 909’ என்று கேட்டுக்கொண்டு போய்விட்டால் இன்னொரு முறை யோசியுங்கள்.

இப்போது அந்த ‘பாதித் தாள்கள்’. சிஎஃப்ஏ மூன்று நிலைத் தேர்வு. மூன்றையும் வரிசையாக எழுதித்தான் ஆக வேண்டும். எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். நிதிப் பட்டம் வைத்திருப்பவருக்கு ஒரு கேள்விகூடக் குறையாது. பட்டப் படிப்பு முடிய 23 மாதங்களோ அதற்குள்ளோ இருக்கும்போதே முதல் நிலையை எழுதலாம், அவ்வளவுதான் மாணவர்களுக்கு உள்ள வசதி. ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்று தேர்வு நடத்தும் நிறுவனமே சொல்கிறது. 2021 ஜூலையில் முதல் நிலை எழுதியவர்களில் 22 சதவீதம் பேர்தான் தேறினார்கள். அது மோசமான ஒரு சுற்று, மற்றச் சுற்றுகளில் தேர்ச்சி இதைவிடக் கூடுதல். ஆனாலும் சும்மா போய் எழுதிவிட்டு வரக்கூடிய தேர்வு இல்லை. மூன்றும் தேறினாலும் போதாது. குறைந்தது 36 மாதங்களில் 4000 மணி நேரம் தொடர்புள்ள வேலை பார்த்திருந்தால்தான் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகள். கல்லூரிக் கையேட்டில் ‘சிஎஃப்ஏ இணைவு’ என்று இருந்தால், தேர்வுப் பாடத்திட்டத்தில் கணிசமான பகுதி அங்கே கற்பிக்கப்படுகிறது என்று பொருள். தேர்வு எழுதாமல் தப்பிக்கலாம் என்று பொருள் இல்லை.

அதற்காகத் தாள் விலக்கு என்பதே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஏசிசிஏ என்ற கணக்காளர் தேர்வில் அது உண்டு. ஏஜென்ட் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன், அல்லது உங்களைக் குழப்பியிருக்கிறார். இப்போதைய முறையில் அதில் 13 தாள்கள். அதிகபட்சம் 9 வரை விலக்கு வாங்க முடியும். கடைசிக் கட்டத்தின் 4 தாள்களை எல்லோரும் எழுத வேண்டும். விலக்கு பட்டத்தின் பெயருக்குக் கிடைப்பதில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்த ஆண்டில் முடித்தீர்கள் என்றெல்லாம் பார்த்துத் தாள் தாளாகத் தருவார்கள். விருப்பப் பாடமாக வரிவிதிப்பை எடுத்தவருக்குக் கிடைக்கும் விலக்கு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சந்தையியலை எடுத்தவருக்குக் கிடைக்காமல் போகலாம். விலக்கு பெறும் தாளுக்கும் கட்டணம் உண்டு, இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாக ‘கணக்கியலும் நிதியும்’ என்ற பட்டத்துக்குக் கிடைக்கும் அளவு ‘நிதியும் முதலீடும்’ பட்டத்துக்குக் கிடைக்காது. ஏசிசிஏ இணையதளத்திலேயே விலக்குத் தேடல் வசதி இருக்கிறது. கல்லூரிப் பெயரைப் போட்டு நீங்களே பாருங்கள், யாரிடமும் கேட்க வேண்டாம்.

வேலை உறுதியாம். ‘95 சதவீதம் பேருக்கு வேலை’ என்று அச்சடித்தால், எத்தனை பேரில் 95 சதவீதம் என்று கேளுங்கள். படித்த எல்லோரிலுமா, வேலை தேடியவர்களிலா, கல்லூரி அனுப்பிய படிவத்துக்குப் பதில் போட்டவர்களிலா? கடன் அட்டை விற்கிற வேலையும் ‘நிதித் துறை வேலை’ என்று அந்தக் கணக்கில் ஏறிவிடும். நிறுவனங்களின் நிதியறிக்கையைத் துருவிப் பார்க்கக் கற்றுத்தரும் துறை இது. தன் கையேட்டில் மட்டும் எத்தனை பேரில் என்று சொல்லாமல் சதவீதம் போடுகிறது. கேட்பாரும் இல்லை.

பிறகு கல்லூரிகள் காட்டும் கண்ணாடி அறை, பங்கு வணிகம் பழகும் ‘டிரேடிங் லேப்’. திரைகள் மின்னும், பெற்றோரை முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்கள். திரை எத்தனை, மாணவர் எத்தனை, எந்த ஆண்டிலிருந்து உள்ளே விடுவார்கள் என்று மட்டும் கேளுங்கள். அங்கே கற்பனைப் பணத்தில் நடக்கும் பங்கு வணிகப் போட்டிகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு செமஸ்டர் என்பது திறமையையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்துக் காட்டப் போதுமான காலம் அல்ல. எல்லாவற்றையும் ஒரே பங்கில் கொட்டியவன் பரிசு வாங்கிப்போவான். மார்க்கோவிட்ஸ் சொன்னதற்கு நேர் எதிரான பாடத்தைக் கைதட்டிக் கற்பிக்கிறார்கள்.

லேபைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தாள்களின் பட்டியலையும் பழைய வினாத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். நிறுவன நிதி, பொருளியல் அளவையியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராய்வது), கடன் பத்திரங்கள், நிதியறிக்கைப் பகுப்பாய்வு எல்லாம் இருந்து, வினாத்தாளில் கணக்குப் போடச் சொல்லியிருந்தால் நல்ல படிப்பு. ‘வரையறு’, ‘சிறுகுறிப்பு வரைக’ என்றே முழுத்தாளும் போனால், பட்டத்தின் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதைவிடப் பொருளியலோ புள்ளியியலோ எடுத்து, விருப்பப் பாடமாக நிதியைப் படிப்பது மேல்.

கடைசியாக ஏஜென்ட். சேர்க்கை ஏஜென்ட்டுகளில் பெரும்பாலோருக்குக் கல்லூரிதான் கமிஷன் தருகிறது. அது குற்றமில்லை. ஆனால் கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அவர் வாயில் வராது. அதே படிப்புக்குக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்திடம் நேரடியாக எழுதி, உண்மையான கடைசி நாள் எது, சேராவிட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வந்த பிறகு, கட்டுவதாக இருந்தால், கல்லூரியின் பெயரில் உள்ள கணக்கில் மட்டும் கட்டுங்கள். ரசீதும் கல்லூரியுடையதாக இருக்கட்டும்.