நூலகர் வேலையில் முன்னேற: காரைக்குடியிலிருந்து கேள்வி பதில்

கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். செட்டிநாட்டு ஊர்களில் நூலகத் துறையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேவகோட்டை: மேடம், நூலக அறிவியல் முதுகலையான எம்.லிப். முடித்துவிட்டுத் தனியார் கல்லூரியில் நூலக உதவியாளராக இருக்கிறேன். கல்லூரி நூலகர் ஆக அடுத்து என்ன செய்ய வேண்டும்?

முதலில் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும், சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அப்புறம் நெட் அல்லது செட், அதாவது தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வு. நெட்டில் நம் பாடத்தின் எண் 59. பாடத்தை மட்டும் படித்துவிட்டுப் பொதுத் தாளை விட்டுவிடாதீர்கள். பொது நூலகத் துறைக்குப் போவதென்றால் அது வேறு வழி, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பைப் பாருங்கள்.

புதுவயல்: ஆச்சி, எனக்கு இந்தத் துறையில் யாரையும் தெரியாது. மாநாட்டில் பெரியவர்களிடம் அறிமுகம் செய்துகொண்டால்தான் வேலை என்கிறார்கள். எப்படி அணுகுவது?

கைகுலுக்கி வாட்ஸ்அப் எண் வாங்கி வருவதால் ஒன்றும் நடக்காது, தம்பி. மறு வாரம் உங்கள் முகமே அவருக்கு நினைவிருக்காது. உங்கள் வேலை அவருக்கு ஒரு நாள் கை கொடுத்திருந்தால் நினைவிருக்கும்.

ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டுக் கோஹாவை நிறுவுங்கள். அது நியூசிலாந்தில் பிறந்த கட்டற்ற நூலக மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. உங்கள் நூலகத்துத் தமிழ்ப் புத்தகங்களில் சிலநூறை அதில் ஏற்றிப் பாருங்கள். சிக்கல் எல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய எழுத்துருவில் அடித்த பதிவுகள் தேடினால் வராது. யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அடுத்தது ஆசிரியர் பெயர். நம் சிறுகூடல்பட்டிக் கண்ணதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பெயர் முத்தையா. காரை முத்துப்புலவர், வணங்காமுடி என்ற பெயர்களிலும் எழுதினார். இவை தனித்தனி ஆட்களாகக் கிடந்தால் வாசகருக்குப் பாதிதான் கையில் வரும். இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார், ஒருவர் விட்டே விடுவார். இந்தப் பெயர்களை ஒழுங்குபடுத்தி ஒரு பட்டியல் செய்து, அதே சிக்கலில் இருக்கும் பக்கத்துக் கல்லூரி நூலகருக்குக் கொடுங்கள். நீங்கள் கேட்காமலே அவர் உங்களைப் பற்றி நாலு பேரிடம் சொல்வார்.

சங்கங்களில் சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் 1928இலிருந்து இருக்கிறது. இந்திய நூலகச் சங்கம் 1933இலிருந்து. இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் ரங்கநாதன் பிறந்த ஆகஸ்ட் 12ஐ ஒட்டிக் கூட்டங்கள் நடக்கும், போங்கள். ஆனால் கையில் செய்த வேலை ஒன்றோடு போங்கள்.

கண்டனூர்: கட்டுரை வெளியிட 3,000 ரூபாய் கட்டினால் ஒரே வாரத்தில் சர்வதேச இதழில் வரும் என்று மின்னஞ்சல் வந்தது. பதவி உயர்வுக்கு உதவுமா?

உதவாது. ஒரே வாரத்தில் யாரும் ஒரு கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது. பணத்தை மட்டும்தான் எண்ணிப் பார்ப்பார்கள். நாளைக்கு ஒரு தேர்வுக் குழுவில் விவரம் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டுரையே உங்களுக்கு எதிராக நிற்கும். ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒருவருக்கு நேரே எழுதிக் கேளுங்கள். பெயரைப் பயன்படுத்தியதே தெரியாது என்பார் பலர்.

கோட்டையூர்: உள்ளூரில் வேலையைக் காட்டுங்கள் என்கிறீர்கள். எங்கள் ஊர் ரோஜா முத்தையா சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்கள், இதழ்கள் எல்லாம் சென்னைக்குப் போய்விட்டன. இங்கேயே இருந்திருந்தால் அவற்றால் எத்தனை நூலகருக்கு வாழ்வு கிடைத்திருக்கும்?

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் நடந்ததைப் பார்ப்போம். அவர் 1992இல் காலமானார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள், அதில் பாதி புத்தகங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, வாங்கியும் கப்பலேற்றாமல் 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. அந்தக் காலத்து மலிவுத் தாள் அமிலத்தால் தானே நொறுங்கும். அதற்குள் நுண்படம் (மைக்ரோஃபிலிம்) எடுக்க ஆள், கருவி, வருடா வருடம் பணம் எல்லாம் வேண்டும். அன்று இங்கே அதை யார் செய்திருப்பார்கள்? தாள் பிழைத்தது, அது பெரிய விஷயம்.

கானாடுகாத்தான்: ஒப்புக்கொள்ள மாட்டேன், அம்மா. புதுக்கோட்டை ஞானாலயா நூலகம் ஒரு தம்பதியின் உழைப்பால் அந்த ஊரிலேயே நிற்கிறதே!

நிற்கிறது, தலைவணங்குகிறேன். ஆனால் இரண்டு பேர் தங்கள் வாழ்நாளையே கொடுத்ததால் நிற்கிறது. அதை ஊருக்கு ஊர் எதிர்பார்க்க முடியுமா? போனதைப் பற்றிய சண்டையை விட இருப்பதைப் பற்றிய கவலைதான் எனக்கு. உங்கள் ஊர்ப் பழைய வளவு வீடுகளில் பெட்டிக்குள் கணக்குப் பேரேடுகள் கிடக்கின்றன. பர்மா, மலேயாக் கடைகளிலிருந்து வந்த கடிதங்கள் கிடக்கின்றன. வீட்டைப் பிரிக்கும்போது தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்குப் போகும். தாள் எடைக்குப் போகும். நூலகம் படித்த ஒருவர் முன்கூட்டியே போய், எந்த ஆண்டு, என்ன வகை, எந்த நிலையில் என்று எழுதி வைத்தால் போதும். ஸ்கேன் அப்புறம். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள், எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள்.

கோட்டையூர் (மறுபடியும்): பட்டியலை வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியது போல் ஆகாதா?

நல்ல கேள்வி. இரண்டு பட்டியல் வையுங்கள். வீடு, உரிமையாளர் விவரம் உள்ளது அவர்களிடமும் உங்களிடமும் மட்டும். வெளியே தருவதில் ஆண்டும் ஆவண வகையும் போதும், ஊர்ப் பெயரும் வேண்டாம். தேவைப்படும் ஆய்வாளர் உங்களுக்கு எழுதுவார், நீங்கள் உரிமையாளரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்வீர்கள். புதுவயல் தம்பியும் கவனியுங்கள், நீங்கள் கேட்ட தொடர்பு இப்படித்தான் வரும்.

பள்ளத்தூர்: நெட் எழுத என்ன தகுதி?

தேவகோட்டைக்குச் சொன்னதிலிருந்து தொடங்குங்கள்.

அமராவதிபுதூர்: தொலைநிலைக் கல்வியில் பி.லிப். படித்தால் செல்லுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் அந்தப் பாடத்துக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு இருக்க வேண்டும். அவர்கள் தளத்தில் நீங்களே பாருங்கள். சேர்க்கை முகவர் சொல்வதை நம்பாதீர்கள்.

புதுவயல் (வேறொருவர்): பணம் கட்டினால் சான்றிதழ் தரும் ஒரு நாள் கருத்தரங்கு...

கண்டனூருக்குச் சொன்னதேதான். சான்றிதழுக்கென்று காசு கேட்டால் விலகிப் போங்கள். இதே கேள்வியை இனியும் அனுப்ப வேண்டாம்.

காரைக்குடி: நான் பி.லிப். மாணவி. மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியின் நூலகத்தையும் அழகப்பா பல்கலைக்கழக நூலகத்தையும் பார்க்க ஆசை. போய் என்ன கேட்பது?

துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கி, முன்பே அனுமதி கேட்டுப் போங்கள், அம்மா. "வேலை இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். ஆய்வாளர் ஒருவர் கேட்ட கட்டுரை அங்கே இல்லையென்றால் எப்படி வரவழைக்கிறார்கள் என்று கேளுங்கள். இன்னொரு நூலகத்தைக் கேட்கிறார்களா, யாரைக் கேட்கிறார்கள், எத்தனை நாள் ஆகிறது என்று விசாரியுங்கள். வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்துவிட்டு, பதில் சொன்னவருக்கு அன்றே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.