‘லாஸ்ட் இன் லா மான்சா’: நின்றுபோன படத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் என்னதான் காட்டுகிறார்கள்?

மேக்கிங் வீடியோ எடுக்கப் போனவர்கள் கையில் ஒரு இழவு வீடு சிக்கியதுதான் கதை. இயக்குநர் டெர்ரி கில்லியம், டான் கிஹோத்தே என்ற பழைய ஸ்பானிய நாவலின் நாயகனை வைத்து எடுத்த படம் சில நாள்களிலேயே படுத்துவிட்டது. கூடப் போன கீத் ஃபுல்டனும் லூயிஸ் பெப்பேயும் கேமராவை அணைக்கவில்லை. 2002-இல் இந்த ஆவணப்படம் வந்தது.

2000 செப்டம்பர், ஸ்பெயினின் வறண்ட பொட்டல்காடு. முதல் நாளே தலைக்கு மேல் போர் விமானங்கள். சத்தத்தில் வசனம் எப்படிப் பதிவாகும்? இரண்டாம் நாள் ஆலங்கட்டி மழை, திடீர் வெள்ளம். சாமான்கள் சேற்றில் மிதந்தன. அதைவிட மோசம், நனைந்த மண்ணின் நிறமே மாறிப்போனது. முந்தின நாள் எடுத்த ஷாட்டோடு ஒட்டாது.

கோலாலம்பூர் செந்தூலில் குறும்படம் எடுத்தபோது எங்களுக்கும் இதே கதிதான். மூன்று மணிக்குச் சுள்ளென்று வெயில், நாலு மணிக்குக் கொட்டும் மழை, பின்னால் இருந்த சுவர் கறுத்துவிட்டது. மாமாக் கடையில் தே தாரிக் குடித்தபடி அது காயக் காத்திருந்தோம். எங்களுக்குப் போனது ஒரு சாயங்காலம். அவர்களுடையதோ 3 கோடி டாலருக்கு மேற்பட்ட பட்ஜெட்.

அப்புறம் டான் கிஹோத்தேவாக நடித்த பிரெஞ்சு நடிகர் ழான் ரோஷ்ஃபோர். இந்த வேடத்துக்காக ஏழு மாதம் ஆங்கிலம் படித்தவர், முதுகுவலியால் குதிரையில் உட்கார முடியாமல் தவிக்கிறார். ஆள் பிடித்து இறக்குகிறார்கள். எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது.

கடைசியில் படம் நின்றுபோக, திரைக்கதை உரிமையே நஷ்டஈடு கொடுத்த இன்சூரன்ஸ்காரர்கள் கைக்குப் போனது. கில்லியம் விடவில்லை, 2018-இல் வேறு நடிகர்களோடு படத்தை முடித்தார். சரி, நீங்கள் முதலில் ஆவணப்படத்தைப் பாருங்கள்.